பதினோரு பீரங்கிகள்

துண்டை விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினேன். பதினொன்று.

மறுபடியும் எண்ணினேன், இந்தத் தடவை வலது பக்கத்திலிருந்து. பதினொன்றுதான்.

பித்தளையில் வார்த்த குட்டிப் பீரங்கிகள். இரண்டு நெல்மணிகளை நீளவாக்கில் வைத்த அளவு இருக்கும். ஒரு முனை தடிமன், மறுமுனையில் ஊசி நுழையும் துளை. நான் கட்டிக்கொண்டிருந்த மரக்கப்பலில் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு நிற்க வேண்டும்.

அவை இருந்த பிளாஸ்டிக் டப்பா மேஜைக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. முதல் நாள் மேஜையின் உள்பக்கமாகத் தள்ளி வைத்ததாகத்தான் எனக்கு நினைவு. ஆனால் மேஜை விரிப்பின் ஒரு நுனி தரைவரை தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதைப் பிடித்து இழுத்தவள் எனக்கு எதிரே மொசைக் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

கயல். என் மகள். அப்போது அவளுக்குப் பதினான்கு மாதம். எந்நேரமும் வாயைத் திறந்து ஏதாவது மழலை பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழுதட்டின் ஓரத்தில் எச்சில் வழிந்து கவுனின் கழுத்துப் பட்டை நனைந்திருந்தது.

வெளியே எங்கள் வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது.

ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை

இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் சிலர், ‘கப்பல் கட்டுவேன் என்று முதல் வாரத்தில் சொன்னீர்களே, அதைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?’ என்று கேட்டிருந்தார்கள். கல்யாணத்தைப் பற்றி எழுதினேன், மயிலாடுதுறையில் நான் வேலை பார்த்த இன்ஜினியர் ஆபீஸைப் பற்றி எழுதினேன், வலங்கைமான் பக்கத்துக் கிராமத்துக்கு மருமகளாக வந்து நாற்று முடியைத் தலைகீழாகப் பிடித்த கதையைக்கூட எழுதினேன். கப்பலை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். கப்பலை எழுதினால் அந்தக் காலையையும் எழுதியாக வேண்டும்.

என் வேலை வரைபடம் போடுவது. கல்யாணமான பிறகும் கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். கயல் வயிற்றில் இருந்தபோது இடுப்புவலியால் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. என் கணவர் பிரபு தோஹாவில் இருக்கிறார். அந்த வருடம் விடுமுறைக்கு வந்தபோது ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“உனக்கு பிளான் பாக்காம இருக்க முடியாதுல்ல. இந்தா.”

பெட்டிக்குள் ஒரு கப்பல் முழுதாக இருந்தது, ஆனால் கப்பலாக இல்லை. வெட்டிய பலகைத் துண்டுகள், தீக்குச்சியைவிட மெல்லிய நீளச் சட்டங்கள், நூல்கண்டுகள், பாய்த்துணி, சின்னச் சின்னப் பித்தளைச் சாமான்கள். எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த வரைபடத் தாள்கள். அதை விரித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கவாட்டுத் தோற்றம், மேல்தோற்றம், குறுக்குவெட்டு. ஒரு கோடுகூடத் தப்பாக இல்லை.

முதலில் ஒற்றைப் பாய்மரத்தில் ஒரு சின்னப் படகு. அது கோணலாக வந்தது. இரண்டாவதுதான் இந்தப் பீரங்கிக் கப்பல். முதுகெலும்பு மாதிரி நடுப்பலகை, அதில் விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் மெல்லிய பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கப்பலின் முன்பக்கம் வளையுமிடத்தில் பலகை ஒடிந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்தால்தான் வளைந்து கொடுக்கும்.

நான் இட்லிக் குண்டானில் பலகைகளை ஊறவைத்திருந்ததை என் மாமியார் ஒருநாள் பார்த்துவிட்டார்.

“ஏம் மங்கை, கட்டைய வேகவெச்சா கொழம்பு வெக்கப் போற?”

அத்தையை அறிமுகப்படுத்த இதுவே போதும். சரோஜா என்று பெயர். மாமா போன பிறகு நான்கு ஏக்கரையும் தனியாகப் பார்க்கிறவர். விடியற்காலையில் வாய்க்கால் மடையைத் திறக்க மண்வெட்டியோடு கிளம்பினால் வெயில் ஏறித்தான் திரும்புவார். என்னைத் திட்டியதில்லை. ஆனால் அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் விதம் எனக்குப் பயம். கயல் தவழ ஆரம்பித்த அன்றைக்கு மேஜையைப் பார்த்துக்கொண்டே, “அந்தச் சாமானெல்லாம் மூடி வையி,” என்றார். அவ்வளவுதான். ரெண்டாவது தடவை சொல்லவில்லை.

நாற்பது நிமிடம்

ஒன்பது மணிக்கு எண்ணி முடித்தேன் அல்லவா. ஒன்பது நாற்பது வரை நான் யாருக்கும் சொல்லவில்லை.

முதலில், பெட்டியிலேயே ஒன்று குறைவாக வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாமான் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பீரங்கி என்ற வரிக்கு எதிரே பன்னிரண்டு என்று போட்டு, பென்சிலால் டிக் அடித்திருந்தது என் கைதான்.

பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன். ஃபிரிட்ஜை நகர்த்தினேன். பாயை உதறினேன். துடைப்பத்தால் கூடம் முழுக்கப் பெருக்கி, குப்பையைத் துண்டின்மேல் கொட்டிக் கையால் அளைந்தேன். கயலின் வாயில் விரலை விட்டுத் துழாவினேன். அவள் ஓங்கரித்தாள். எச்சில் நூலாக வந்தது.

எனக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும்போது எங்கள் தெருவில் ஒரு குழந்தை புளியங்கொட்டையை விழுங்கிவிட்டது. அந்தக் குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நிறம் மாறியதை நான் பார்த்தேன். யாரோ காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அறைந்தார்கள். கொட்டை தெறித்து விழுந்தது. எதையாவது விழுங்கினால் இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்கு என் மனதில் பதிந்துவிட்டது.

கயலின் உதடு சிவப்பாகவே இருந்தது. மூச்சு சீராக இருந்தது. அதனால் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே தேடினேன்.

இப்படி எழுதும்போது நியாயம் மாதிரி தெரிகிறது. அது நியாயமில்லை. நடுவில் அத்தை வாசலுக்கு வந்தார். காலெல்லாம் சேறு, உள்ளே வரவில்லை.

“மங்கை, டீ ஊத்திட்டியா? மெஷின்காரன் எறங்கிட்டான்.”

“இதோ அத்தை.”

பிளாஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 

“புள்ள சாப்டாளா?”

“சாப்டா.”

கயல் காலையிலிருந்து ஒரு வாய் இட்லிகூட உள்ளே விடவில்லை. ஊட்டியதை நாக்கால் வெளியே தள்ளினாள். பல் முளைக்கிற கோளாறு என்று நினைத்து விட்டிருந்தேன். இப்போது அது பல் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், “சாப்டா” என்றேன். அத்தை என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வரப்பில் ஏறிப் போனார்.

எதற்குப் பயந்தேன்? பிள்ளைக்குப் பயந்தேன், அது உண்மை. அதைவிட, ‘மூடி வையின்னேனே’ என்று அவர் சொல்லப்போவதற்குப் பயந்தேன். அந்த இரண்டு பயத்தில் இரண்டாவது முன்னால் நின்றது. அதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

பாலாடைக் கிண்ணத்தில் பால் கொடுத்துப் பார்த்தேன். முதல் மடக்கு உள்ளே போனது. இரண்டாவது மடக்கில் முகத்தைச் சுளித்து, முதுகை வில்லாக வளைத்து, அழுதாள். அந்த அழுகையில் சத்தம் கரகரத்திருந்தது. என் பிள்ளையின் குரல் இல்லை அது.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், வயலுக்கு ஓடினேன்.

“இருக்கா”

பாதி வயல் அறுத்திருந்தது. வானம் மேற்கே கறுத்துக் கிடந்தது. அத்தை வரப்பில் நின்று மெஷின்காரருக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“அத்தை, கயல் என்னமோ முழுங்கிட்டா. கப்பல் சாமான். பித்தளை.”

அவர் திரும்பினார். நான் பயந்த வார்த்தை வரவில்லை.

“மூச்சு உடறாளா?”

“உடறா.”

“அப்ப அழுவாத. வண்டிய எடு.”

கும்பகோணம் எங்களுக்குப் பத்துக் கிலோமீட்டர். கார் வரச்சொல்லிக் காத்திருக்க நேரமில்லை. நான் ஸ்கூட்டரை ஓட்ட, அத்தை பின்னால் உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் நடுவில் கயலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

குறுவை அறுவடை நேரத்தில் அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். பாதிச் சாலையில் நெல் காயும். நெல்லின் ஓரத்தில் கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள். மீதி ஒரு பாதியில்தான் பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் வந்துபோக வேண்டும். அன்றைக்குத் தூறல் ஆரம்பித்துவிட்டதால் ஆட்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடுகிறார்கள். ஹாரன் அடித்தாலும் யாரும் ஒதுங்கவில்லை, அவரவர் பாடு அவரவருக்கு.

எனக்குப் பின்னால் பார்க்க முடியாது. கண்ணாடியில் அத்தையின் முந்தானை மட்டும் தெரிந்தது. கயல் அழுவதை நிறுத்திவிட்டாள். 

“அத்தை?”

“இருக்கா. ஓட்டு.”

ஒரு டிராக்டரைத் தாண்டினேன். மழைத்தண்ணீர் கண்ணில் இறங்கியது.

“அத்தை?”

“இருக்கா.”

அந்தப் பத்துக் கிலோமீட்டரில் எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அதே ஒரு வார்த்தைதான் வந்தது. ஒரு தடவை பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. குடமுருட்டிப் பாலத்தின்மேல் என்று நினைக்கிறேன். லாரிச் சத்தத்தில் நான் கேட்டது அவர் காதில் விழவில்லை. அந்த இரண்டு மூன்று நொடிகள்தான் இன்றைக்கும் என் கனவில் வருகின்றன. கனவில் பதில் வருவதேயில்லை.

இரண்டு வட்டங்கள்

நாங்கள் போனது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இளம் பெண் டாக்டர். என் மூச்சிரைப்பு அடங்கும்வரைகூடக் காத்திருக்காமல் கயலின் வாயைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

கால் மணி நேரத்தில் படம் கம்ப்யூட்டரில் வந்தது. அவர் திரையை எங்கள் பக்கம் லேசாகத் திருப்பினார்.

“பீரங்கின்னு சொன்னீங்க. நீளமா இருக்கும்னீங்க. இது வட்டமால்ல இருக்கு?”

கயலின் சின்ன விலா எலும்புகளுக்கு மேலே, கழுத்துக்குச் சற்றுக் கீழே, வெள்ளையாக ஒரு வட்டம்.

“காசு எதாவது கெடந்துச்சா வீட்ல?”

நான் திரையை உற்றுப் பார்த்தேன். பல வருடம் வரைபடம் பார்த்த கண். அது ஒரு வட்டமில்லை. வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். ஓரத்தில் ஒரு மெல்லிய படி இருக்கும் பொருளை மேலிருந்து பார்த்து வரைந்தால் அப்படித்தான் இரண்டு கோடு வரும். காசுக்கு ஒரு கோடுதான்.

எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

கப்பலின் பின்பக்கத்தில் ஒரு லாந்தர் உண்டு. பெட்டியோடு வந்தது வெறும் பித்தளைக் கூடுதான். அதற்குள் கடுகளவு விளக்கு ஒன்றை வைத்து எரியவிட எனக்கு ஆசை. தனியாக வாங்கிப் பொருத்தினேன். அதற்கு வட்டமான ஒரு பேட்டரி. முதல் நாள் மாலை விளக்கு மங்கிவிட்டது. புதிய பேட்டரி போட்டேன். பழையதை மேஜையின் ஓரத்தில் வைத்தேன். வைத்ததோடு சரி. அது சாமான் பட்டியலில் இல்லை. நான் எண்ணியதில் அது இல்லவே இல்லை.

“பேட்டரி,” என்றேன். “ஆனா தீந்துபோனது டாக்டர். வெளக்குகூட எரியல.”

டாக்டரின் முகம் மாறியது. “வெளக்குதான் எரியாதும்மா. உள்ள ஈரத்துல பட்டா அது வேலையக் காட்டும். உணவுக்குழாய அரிச்சிரும். பீரங்கியா இருந்தா நானே நாளைக்கு வாங்கன்னு அனுப்பியிருப்பேன்.” போனை எடுத்துக்கொண்டே கேட்டார். “எப்ப முழுங்கினா? சரியான நேரம் சொல்லுங்க. ஒவ்வொரு மணியும் முக்கியம்.”

காணாமல் போனதாக நான் தேடிய பன்னிரண்டாவது பீரங்கி, நான்கு நாள் கழித்து, கயலின் கவுனில் அழகுக்காகத் தைத்திருந்த குட்டிப் பாக்கெட்டிலிருந்து ஆஸ்பத்திரிக் குழாயடியில் துணி துவைக்கும்போது விழுந்தது. அவள் வாயில் தேடினேன், தரையில் தேடினேன், அவள் போட்டிருந்த கவுனில் தேடவில்லை. ஆனால் அந்த ஒன்று குறையாமல் இருந்திருந்தால் நான் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டேன், பல் முளைக்கிறது என்றே அந்த நாளை ஓட்டியிருப்பேன். 

ஆறரை மணி

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

‘பார்த்தவுடனே வந்துட்டோம்’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் அத்தை கயலைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

“ஒம்போது மணிக்கு டப்பா கவுந்து கெடந்தத பாத்தேன் டாக்டர். ஒடனே வரல. நாப்பது நிமிஷம் நானாவே தேடிக்கிட்டு இருந்தேன். யாருக்கும் சொல்லல. அத்தை கேட்டப்பவும் சொல்லல.”

நான் அத்தையின் பக்கம் திரும்பவில்லை. அவர் குரல்தான் கேட்டது.

“ஒம்போது இல்லம்மா. ஆறரை.”

டாக்டர் நிமிர்ந்தார்.

“ஆறரைக்கு இவ குளிக்கப் போயிருந்தா. புள்ள எங்கிட்டதான் இருந்தா. நான் கொல்லைப்பக்கம் போயி சாக்க எடுத்துக்கிட்டு வரேன், புள்ள கக்குறா. எச்சியா ஊத்துது. முதுகுல தட்டுனேன், அடங்கிட்டா. பல்லு மொளைக்குதுன்னு நெனச்சேன்.”

கொஞ்சம் நிறுத்தினார். அவர் நிறுத்துவதைக் கேட்டு எனக்குப் பழக்கம். ஆனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுபடியும் பேசினார்.

“பல்லுன்னு நெனச்சேங்கறது பொய்யி. என்னமோ முழுங்கியிருப்பாளோன்னுதான் தோணுச்சு. ஏழு மணிக்கு மெஷின் வரணும். இன்னைக்கு உட்டா மறுபடி மெஷின் கெடைக்காது, மழ புடிச்சுக்கும். சாயந்திரம் பாத்துக்கலாம்னு போயிட்டேன்.”

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. டாக்டர் தாளில் ஆறு முப்பது என்று எழுதி அதைச் சுற்றிக் கோடு போட்டார். மணி அப்போது பத்தரையைத் தாண்டியிருந்தது.

தஞ்சாவூருக்குப் போகச் சொல்லி ஆம்புலன்ஸ் வரவழைத்தார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டர் போனில் சொன்னபடி, பேட்டரி அரிப்பதைக் கொஞ்சம் குறைக்கும் என்று வழியெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தேன் கொடுத்துக்கொண்டு போனோம். ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் மணியைப் பார்த்துச் சொல்வார், நான் கரண்டியைப் பிடிப்பேன், அத்தை தாடையைத் தாங்குவார். ஒவ்வொரு முறையும் கயல் முகம் சுளித்து விழுங்கும்வரை நாங்கள் மூவரும் மூச்சு விடவில்லை.

கூடத்து நாற்காலி

தஞ்சாவூரில் இறங்கியதும் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். மயக்க மருந்து கொடுப்பவர் வந்து, குழந்தை கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சொன்னேன். கயலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கதவுக்குள் போனார்கள். அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

அத்தை செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது, முந்தானையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அவர் போன் அடித்தது. மெஷின்காரர்.

“மழ கொட்டுதா? வெட்டுனத மூடிப் போடு. மீதிய உடு… உடுன்னேன்ல.”

போனை வைத்தார். மூன்று மாத உழைப்பில் பாதி அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பிரபு கூப்பிட்டார். நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்க முடியவில்லை. அத்தை என் கையிலிருந்து வாங்கினார்.

“தம்பி, புள்ள பேட்டரிய முழுங்கிட்டா. உள்ள எடுக்குறாங்க… ஆமா. நாங்க ரெண்டு பேருந்தான் பாக்காம உட்டுட்டோம்.”

ரெண்டு பேருந்தான்.  

டாக்டர் வெளியே வந்தபோது கையில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. அதற்குள் பேட்டரி. வெள்ளி மாதிரி பளபளத்த பொருள் ஒரு பக்கம் கருகி நிறம் மாறியிருந்தது.

“எடுத்துட்டோம்,” என்றார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். “இருங்கம்மா. எடுத்ததோட முடியல. உள்ள புண்ணாயிருக்கு. அந்தப் புண்ணு இன்னும் ஆழமாப் போகலாம், போகாமயும் இருக்கலாம். மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் பால் குடுக்கணும். வீட்டுக்குப் போனப்புறமும் பாத்துக்கிட்டே இருங்க. வாந்தில ரத்தம், மலத்துல கறுப்பு, எது தெரிஞ்சாலும் ஒரு நிமிஷம் நிக்காம வாங்க.”

ஒரு நிமிஷம் நிக்காம. அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

புண் ஆறும் காலம்

எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். கஞ்சித்தண்ணீர் ஒரு கரண்டி. நானும் அத்தையும் நர்ஸும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டாள். அத்தை சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய், வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பயம் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பயந்தால் கூப்பிட ஆள் இருந்தார்கள், அழுத்த மணி இருந்தது. வீட்டில் எதுவும் இல்லை. கயல் இருமினால் ஓடினேன். தும்மினால் ஓடினேன். பீட்ரூட் சமைப்பதை நிறுத்திவிட்டேன், மலத்தின் நிறம் ஏமாற்றிவிடுமே என்று. அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு நிமிர்ந்தால், கட்டிலின் அந்தப் பக்கம் அத்தை நின்றுகொண்டிருப்பார், அவரும் அதற்காகவே வந்திருப்பார்.

நாங்கள் இதனால் நெருங்கிவிட்டோம் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வந்து, “பொம்பள கப்பல் கட்டுனா இப்டித்தான் ஆவும்,” என்று என் காதுபடச் சொன்னபோது அத்தை மறுத்துப் பேசவில்லை. உள்ளே போய்விட்டார். எனக்கு ஆத்திரம். அன்றைக்குச் சாயங்காலம் முதல் முறையாக அவரோடு சண்டை போட்டேன்.

“நீங்க ஆறரைக்கே சொல்லியிருந்தா?”

“நீ அந்த எழவ மூடி வெச்சிருந்தா?”

கயல் அழுதாள். அந்தக் கரகரப்பு அவள் குரலில் இன்னும் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம். அதற்குப் பிறகு அந்தக் கேள்விகளை நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. மறக்கவுமில்லை.

அத்தை அரைகுறைக் கப்பலையும் சாமான்களையும் பெட்டியில் போட்டுத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். எரித்துவிடுவார் என்று நினைத்தேன். எரிக்கட்டும் என்றும் நினைத்தேன். எரிக்கவில்லை.

புண் ஆறிய இடத்தில் உணவுக்குழாய் சுருங்கியிருந்தது. இரண்டு முறை தஞ்சாவூர் போய் மயக்க மருந்து கொடுத்து விரித்துவிட்டார்கள். இரண்டு முறையும் அதே கதவு, அதே நீட்டிய கை. மூன்றாம் முறை தேவையிருக்காது என்று டாக்டர் சொன்னபோது கயலுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது.

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் நான் அத்தையிடம் பெட்டியைக் கேட்டேன். கேட்க எனக்குத் தைரியம் வர அத்தனை நாளாயிற்று. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

“புள்ள ஸ்கூல்ல இருக்குற நேரத்துக்கு மட்டும். மூணு மணிக்குப் பொட்டி எங்கிட்ட வந்துரணும்.”

அப்படியே செய்தேன். தினமும் எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். பாய்மரங்களை நட்டு, கயிறுகளை இழுத்துக் கட்டி, அந்தக் கப்பலை முடித்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டீச்சரின் போன்

கயல் இப்போது எல்லாம் சாப்பிடுகிறாள். கொஞ்சம் மெதுவாக, நன்றாக மென்று. குரல் தெளிந்துவிட்டது. நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. நாங்கள் சொன்னதுமில்லை.

சில மாதங்களுக்கு முன்பு அவள் கிளாஸ் டீச்சர் போன் செய்தார்.

“ஒண்ணுமில்லைங்க, சும்மாதான் கேக்குறேன். கயல் டெய்லி லஞ்ச் முடிச்சதும் எங்கிட்ட வந்து வாயத் தெறந்து காட்டுறா. ‘முழுங்கிட்டேன் மிஸ், பாருங்க’ங்கறா. நான் பாத்தேன்னு சொன்னாத்தான் வெளையாடப் போறா. வீட்ல அப்டி பழக்கமா?”

“ஆமா மிஸ்.”

“ஓ. எதுக்குங்க?”

நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்த பிறகு நெடுநேரம் அடுப்படியில் நின்றேன். ஒவ்வொரு வேளையும் நான் ஒரு தடவை, எனக்குத் தெரியாமல் அத்தை ஒரு தடவை அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறோம். உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டதும் வாயைத் திறந்து காட்டுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு மாலை நானும் அத்தையும் பேசி முடிவு செய்தோம். இனிமேல் பார்க்கக் கூடாது.

கயல் தோசை சாப்பிட்டாள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அத்தை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தட்டைக் கொண்டுபோய்ப் போட்டாள், கை கழுவினாள், வந்து நின்றாள். நான் திரும்பவில்லை. அவள் அத்தையிடம் போனாள். அத்தையும் திரும்பவில்லை. மறுபடி என்னிடம் வந்து என் முந்தானையை இழுத்தாள்.

“அம்மா, பாக்கலியா?”

குனிந்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முடிந்த மட்டும் வாயைத் திறந்தாள். எனக்குப் பின்னால், அத்தை டிவியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

“பாத்துட்டேன் கண்ணு,” என்றேன். “ஒண்ணுமில்ல.”